சூப்பர்ஹீரோ ரசிகர் கதைகள்: நெல்லைப் பக்கத்து வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடும் சின்ன வாசிப்புக் குழு எங்களுடையது. சூப்பர்ஹீரோக்களை வைத்து ரசிகர்கள் எழுதிய கதைகளைப் படிப்போம், சிலர் எழுதவும் செய்வார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சலித்துப்போனதால் இங்கே எழுதிவைக்கிறேன். இதில் உள்ள ரசனை என்னுடையது. குழுவிலேயே பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரசிகர் கதை என்றால் என்ன? இன்னொருத்தர் உருவாக்கிய ஆளை நாம் எடுத்து எழுதுவது சரியா?

ஒரு கதை முடிந்த பிறகும் அதன் ஆட்கள் நம் மனசை விட்டுப் போகாமல் இருந்தால், அவர்களை வைத்து நாமே மேலே எழுதுவது. அவ்வளவுதான். ஃபேன் ஃபிக்ஷன் என்றும் சொல்வார்கள்.

சரியா தப்பா என்று கேட்கிறவர்களிடம் அல்லியைப் பற்றிச் சொல்வேன். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையை நம் ஆச்சிமார் ராகம் போட்டுப் படித்திருக்கிறார்கள். வியாச பாரதத்தில் அல்லி என்று ஒருத்தி கிடையாது. மதுரையை ஆளுகிற, ஆண்களை அண்டவிடாத ஒரு பாண்டிய ராணியை நம் ஆட்கள் உருவாக்கி, அர்ஜுனனை இங்கே வரவழைத்து, அவளிடம் படாத பாடு பட வைத்தார்கள். பவளக்கொடி மாலையும் அந்த வகைதான். இன்றைக்கு இதை ஒருவர் இணையத்தில் ஏற்றினால் ‘சொந்தக் கதாபாத்திரம் சேர்த்த ரசிகர் கதை’ என்று குறிச்சொல் போட்டுவிடுவார்கள்.

அப்புறம் நம்மூர்க்காரர் புதுமைப்பித்தன். ‘சாபவிமோசனம்’ 1943-இல் வந்தது. ராமன் கால் பட்டு அகலிகை எழுந்துவிட்டாள், சரி, அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தாள் என்று கேட்கிற கதை அது. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னது அதே ராமன்தான் என்று தெரிந்ததும் அவள் மறுபடி கல்லாகிறாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று தலைப்பிலேயே ஒரு குறிப்பும் போட்டுவிட்டார். ரசிகர் கதை எழுதுகிற பிள்ளைகள் ‘பிடிக்காவிட்டால் படிக்காதீர்கள்’ என்று மேலே எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறிப்புதான் ஞாபகம் வரும்.

ஒரு ரசிகர் கதை நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் இதிலிருந்து வந்ததுதான். மூலக்கதை கேட்காமல் விட்ட ஏதாவது ஒரு கேள்வியை அது கேட்க வேண்டும். கேள்வி இல்லாமல் சண்டை மட்டும் இருந்தால் எனக்குப் பத்துப் பக்கம் தாண்டாது.

சூப்பர்ஹீரோ என்பது அமெரிக்காக்காரர்கள் சமாச்சாரம். திருநெல்வேலிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இங்கிருந்து ரெண்டு மணி நேரப் பயணத்தில் சிவகாசி. 1972-இல் அங்கே முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. நம் பக்கத்தில் நாற்பது தாண்டியவர்களில் காமிக்ஸ் பைத்தியம் பிடித்த யாரையாவது கேட்டுப்பாருங்கள், பேட்மேனுக்கு முன்னால் மாயாவி பெயரைத்தான் சொல்வார்கள். மாயாவி அமெரிக்கரும் இல்லை. 1962-இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்தவர். கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ வரைந்தார்.

லயனில் வந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு ஆள்) இன்னும் சுவாரஸ்யம். குற்றச் சக்கரவர்த்தி ஆகவேண்டும் என்று கிளம்பி, பிறகு நல்லவன் பக்கம் சாய்கிற அந்த ஆளின் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். 1938-இல் அச்சில் வந்த சூப்பர்மேனை ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து உருவாக்கினாரே, அதே சீகல்தான். சூப்பர்மேனைப் படைத்த கை எழுதியதை, அது யார் எழுதியது என்றே தெரியாமல், நம் பையன்கள் பழைய புத்தகக் கடையில் தேடித்தேடி வாங்கினார்கள். சம்பந்தம் எப்போதோ வந்துவிட்டது.

“அக்கா, ஒரே ஒரு கதை சொல்லுங்க. எதுல ஆரம்பிக்க?”

இங்கிலீஷில் படிக்க முடியும் என்றால், அவ்லெட் என்ற புனைபெயரில் எழுதுகிறவரின் ‘இன்ஃபினிட் காஃபி அண்ட் புரொடெக்ஷன் டீடெயில்’ தொடர். முதல் கதைக்கு ‘திஸ், யூ புரொடெக்ட்’ என்று பெயர்.

2014-இல் வந்த கேப்டன் அமெரிக்கா படம் முடிந்த இடத்தில் இது தொடங்குகிறது. பக்கி பார்ன்ஸ் கேப்டன் அமெரிக்காவின் பால்ய நண்பன். எதிரிகள் அவனைப் பிடித்து, ஞாபகத்தை அழித்து, கொலைக் கருவியாக எழுபது வருஷம் வைத்திருந்தார்கள். படத்தில் அவன் தப்பித்துப் போய்விடுகிறான். அதற்கப்புறம் ஒருவன் எப்படிச் சாப்பிடுவான், எங்கே தூங்குவான், கடையில் போய் என்னவென்று கேட்பான்? அவ்லெட் கேட்பது இதைத்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உத்தரவுக்குக் கீழ்ப்படிவது. அதனால் நண்பனை மறைந்திருந்து காவல் காப்பதையே தனக்குத்தானே ஓர் உத்தரவாகப் போட்டுக்கொள்கிறான். காப்பி குடிப்பதும் அக்கம்பக்கத்துப் பாட்டிகளிடம் பேசுவதும் அந்த வேலையின் பகுதியாக உள்ளே வந்துவிடுகின்றன. அடிதடி குறைவு. சிரிப்பு நிறைய உண்டு. சிரிக்கும்போதே தொண்டை அடைக்கும்.

சூப்பர்ஹீரோ படமே பார்க்காத எங்கள் வீட்டு அத்தைக்கு இதைத் தமிழில் சொல்லிக்காட்டினேன். “பாவம் புள்ள, ஊருக்குப் போனானா இல்லியா?” என்று அடுத்த நாளும் கேட்டார். வேறு என்ன சிபாரிசு வேண்டும்?

உங்கள் குழுவில் எழுதிய தமிழ்க் கதைகளில் எது உங்களுக்குப் பிடித்தது?

ரெண்டு சொல்கிறேன். ரெண்டும் அச்சில் வரவில்லை, கையெழுத்துப் பிரதியாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

முதலாவது மாயாவி கதை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: லூயிஸ் கிராண்டேல் என்பவருக்கு ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். இதை எழுதிய கல்லூரிப் பெண் அவரை 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொண்டுவந்து விட்டாள். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு மாட்டிக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். அந்த ரயிலில் மாயாவியும் ஒரு பயணி.

கரண்ட் கிடையாது. ஊரே இருட்டு. கரண்ட் இல்லையென்றால் மாயாவி வெறும் ஆள். மறைய முடியாது, செல்போனும் செத்துப்போச்சு, பாஷையும் தெரியாது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்த அரிசியைப் பொங்கிக் கொண்டுவருகிறார்கள். அது நிஜமாகவே நடந்தது. கதையில் ஒரு கிழவி மாயாவியின் கையைப் பார்த்து, “கைக்கு என்னாச்சுய்யா?” என்கிறாள். அவர் ஏதோ சைகை காட்டுகிறார். “சரி, அந்த அண்டாவ எறக்கு” என்கிறாள். கொதிக்கிற அண்டாவைத் துணி இல்லாமல் ஒற்றைக் கையால் இறக்குகிறார். கதை முழுக்க அவர் காட்டும் வீரசாகசம் இது ஒன்றுதான். விடிகிற வரைக்கும் அண்டா அண்டாவாக இறக்கிக்கொண்டே இருக்கிறார்.

வெள்ளத்தைப் பற்றி எழுத வேறு சிலரும் முயன்றார்கள். சூப்பர்மேனைக் கூட்டிவந்தால் தாமிரபரணியை ஒரு ஊதலில் திருப்பிவிடுவார், ரெண்டாவது பத்தியில் கதை முடிந்துவிடும். படகோடு வந்து தெருத்தெருவாக ஆட்களை ஏற்றிப்போன மீனவர்களுக்கு அங்கே இடமே இருக்காது. சக்தியைப் பறித்த பிறகு ஆளை உள்ளே விட்டாள் பாருங்கள், அங்கேதான் அந்தப் பெண்ணின் கெட்டிக்காரத்தனம்.

இரண்டாவது சூப்பர்மேன் கதை. குழந்தையோடு வந்த ராக்கெட் அமெரிக்காவின் கான்சாஸ் வயலில் விழாமல் வேறெங்காவது விழுந்திருந்தால் என்ன என்பது பழைய கேள்வி. சோவியத் நாட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று மார்க் மில்லர் 2003-இல் ‘ரெட் சன்’ என்று அதிகாரபூர்வமாகவே ஒரு காமிக்ஸ் எழுதினார். எங்கள் ஆள் அதைத் திசையன்விளைக்கும் உடன்குடிக்கும் நடுவே செம்மணல் தேரியில் விழ வைத்தார். எடுத்து வளர்ப்பது ஒரு பனையேறிக் குடும்பம்.

பையன் ஒரே தாவில் மரத்து உச்சிக்குப் போவான். ஆரம்பகாலச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். கதாசிரியர் அதையே பிடித்துக்கொண்டார். அப்பா சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: மெதுவாக ஏறு. நாலு பேர் பார்க்கிற மாதிரி, மூச்சு வாங்குகிற மாதிரி நடித்து ஏறு. வழக்கமாக ஒரு பனையேறி நாளுக்கு 30, 40 மரம் பார்ப்பார். பையன் நினைத்தால் தேரி முழுவதையும் விடிவதற்குள் முடித்துவிடலாம். அப்படிச் செய்த ஒரு வாரத்தில் பதநீர் பெருகி, கருப்பட்டி விலை விழுந்து, பக்கத்து வீட்டு மாமா சீசன் நடுவிலேயே திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார். வில்லனே கிடையாது. பலம் இருப்பவன் உழைத்தால் அது யார் பிழைப்பைத் தின்னும் என்பதுதான் கேள்வி. மூலக்கதையில் சூப்பர்மேன் வாழும் மெட்ரோபொலிஸ் நகரத்தில் இருந்துகொண்டு இதை யாரும் கேட்டிருக்க முடியாது.

கடைசி அத்தியாயம் சுமார்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். பையனைத் திடீரென்று அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். திருத்தச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

அவர்கள் பெயரைச் சொல்லாமல் விட்டீர்களே?

கேட்டுக்கொண்டார்கள், அதனால் விட்டேன். ஒருத்தி வீட்டில் அரசுத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறாள். இந்த உலகத்தில் புனைபெயர்தான் வழக்கம், பெயருக்குப் பின்னால் யார் என்று தோண்டுவது அநாகரிகம். உங்களுக்குத் தெரிந்துபோனாலும் கல்யாண வீட்டில் வைத்து, “நீதான அந்த ஸ்பைடர்மேன் கதை எழுதுனது?” என்று கேட்காதீர்கள்.

ஸ்பைடர்மேன் திருநெல்வேலிக்கு வந்தால் எதில் தொங்குவார்?

சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அடிக்கடி வரும் கேள்வி. நியூயார்க்கில் ஐம்பது மாடிக் கட்டடம் அடுத்தடுத்து நிற்பதால் அவருக்கு வலை வீச வசதி. ஜங்ஷனில் 1973-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது, டவுனில் நெல்லையப்பர் கோபுரம் இருக்கிறது. நடுவில்? ஒரு பையன் எழுதிய கதையில் அவர் வண்ணார்பேட்டை வரை லைட் கம்பம் லைட் கம்பமாகத் தாவி, தோள் இறங்கி, கடைசியில் டவுன் பஸ்ஸில் ஏறிவிடுகிறார். கண்டக்டர் முகமூடியைக் கழற்றச் சொல்லாமல் சில்லறை மட்டும் கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அது.

இந்தியாவுக்கு ஸ்பைடர்மேனைக் கொண்டுவரும் வேலையை ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். 2004-இல் வந்த பவித்ர் பிரபாகர் கதையில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கருக்குப் பவித்ர், அங்கிள் பென்னுக்குப் பீம் மாமா, ஆன்ட் மேவுக்கு மாயா என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்தினார்கள். கிராமத்துப் பையன் மும்பைக்குப் படிக்கப் போகிறான், ஒரு யோகி அவனுக்குச் சக்தி கொடுக்கிறார், வேட்டி கட்டிக்கொண்டு தாவுகிறான். மாமா சாக வேண்டிய இடத்தில் மாமா சாகிறார். வேட்டி மட்டும் புதிது என்றால் ஏன் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 2023-இல் வந்த அனிமேஷன் படத்தில் அதே பவித்ரைத் தன் ஊரில் தான் ராஜா என்கிற குஷியோடு அலையும் பையனாக மாற்றினார்கள். அங்கேதான் அவனுக்கு உயிர் வந்தது. அந்தப் பவித்ரை வைத்து ரசிகர்கள் எழுதியவற்றைத் தேடிப் படிக்கலாம்.

எழுத ஆசை. நம் ஊரில் நடக்கிற மாதிரி எழுதினால் போதுமா?

போதாது. எங்களிடம் வரும் முதல் கதைகளில் முக்கால்வாசி ஒரே வழித்தடத்தில் ஓடும். ஹீரோ ஜங்ஷனில் இறங்குவார். இருட்டுக்கடையில் அல்வா சாப்பிடுவார். நெல்லையப்பரைக் கும்பிடுவார். சுலோசன முதலியார் பாலத்தில் வில்லனோடு சண்டை போடுவார். சாயங்காலம் பாபநாசத்தில் குளிப்பார். சுற்றுலாத் துறைக்கு அனுப்பினால் பரிசு கிடைக்கலாம்.

ஊர் கதைக்குள் வர வேண்டுமென்றால், அந்த ஹீரோவுக்கு இந்த ஊர் ஏதாவது சிக்கல் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு அதே பாலத்தையே எடுங்கள். 1843-இல் திறந்தது. சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்தார். பணக்காரரான புரூஸ் வேய்ன், அதாவது நம் பேட்மேன், அந்தப் பாலத்தில் நின்றால் என்ன நினைப்பார்? இரவில் முகமூடி போட்டுத் திருடனை அடிப்பதைவிட ஒரு பாலம் கட்டியிருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் தோன்றாதா? சண்டையைத் தூக்கிவிட்டு அந்த ஒரு நிமிஷத்தை எழுதுங்கள்.

இடங்கள் நிறையக் கிடக்கின்றன. பணகுடிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள், மாஞ்சோலையில் ஆள் காலியான தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயன் (வரிசை) வீடுகள், கூந்தன்குளத்தில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஜனங்கள். சத்தமில்லாமல் சண்டை போட்டே ஆக வேண்டிய ஊரில் இடிக்கடவுள் தோருக்கு இடி இறக்க முடியுமா? இதை இன்னும் யாரும் எழுதவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹீரோ நெல்லைத் தமிழ் பேசலாமா?

நகைச்சுவைக் கதை என்றால் பேசலாம். “ஏல ஜோக்கரு, நில்லுல” என்று பேட்மேன் சொன்னால் கூட்டம் சிரிக்கும், ஒரு தடவை. மூன்றாம் பக்கத்திலும் அதையே சொன்னால் ஆளே மாறிப்போய்விடும். என் யோசனை, வெளியூரிலிருந்து வந்த ஹீரோ டப்பிங் படத் தமிழ் மாதிரி விறைப்பாகப் பேசட்டும், ஊர்க்காரர்கள் தங்கள் போக்கில் “வந்தாவ, போனாவ” என்று பேசட்டும். அந்த உரசலில் கதை தானாக நகரும். பனையேறி வீட்டில் வளர்ந்த சூப்பர்மேன் வேறு. அவன் “சொல்லுதேன்” என்றுதான் சொல்வான், வேறு தமிழ் அவனுக்கு எப்படித் தெரியும்?

இங்கிலீஷ் கதைகளை எங்கே, எப்படித் தேடுவது?

மூன்று இடங்கள் போதும். ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட் 1998-இலிருந்து இருக்கிறது, பழைய கதைகளுக்கு அங்கே போகலாம். வாட்பேடில் இளவட்டங்கள் அதிகம், தரம் ஏறி இறங்கும். நான் பெரும்பாலும் இருப்பது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தில். சுருக்கமாக ஏஓ3 என்பார்கள். லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு 2009-இலிருந்து நடத்துகிறது, விளம்பரமே கிடையாது, 2019-இல் அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. பெரும்பாலான கதைகளைக் கணக்கு தொடங்காமலே படிக்கலாம்.

அங்கே உள்ளே போனால் கதைக்கடல். வடிகட்டத் தெரிய வேண்டும். ‘முடிந்த கதைகள் மட்டும்’ என்பதை முதலில் தட்டுங்கள். வார்த்தை எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு கொடுங்கள். பிடிக்காத விஷயங்களின் குறிச்சொற்களை விலக்கிவிடுங்கள். இந்த விலக்கும் வசதியைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. பாராட்டு எண்ணிக்கை வரிசையில் பார்த்தால் பழைய, ரொம்பப் பிரபலமான கதைகளே எப்போதும் மேலே நிற்கும். நான் வேறு வழியில் போவேன். ஒரு கதை பிடித்துவிட்டால், அதை எழுதியவர் தனக்காகக் குறித்துவைத்திருக்கும் கதைகளைத் திறந்து பார்ப்பேன். நன்றாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகவே படிக்கிறார்கள்.

இன்னொன்று, கதையை ஈபப் என்ற மின்புத்தகக் கோப்பாகவோ பிடிஎஃப் கோப்பாகவோ இறக்கிக்கொள்ள முடியும். மலைமேல் சிக்னல் கிடைக்காத இடத்தில் வேலை பார்க்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை அம்பாசமுத்திரம் இறங்கும்போது மொத்தமாக இறக்கிக்கொண்டு போவார்.

எந்த வகைக் கதையைத் தேட?

குறிச்சொற்களில் எனக்கு ராசியானவை மூன்று. ‘வெளியாள் பார்வை’: ஹீரோவைப் பார்க்கும் டீக்கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், எதிர்வீட்டுப் பாட்டி சொல்கிற மாதிரி எழுதுவது. புதிதாக எழுத வருகிறவர்களும் இதில் தொடங்குவது நல்லது. ‘ஐந்து பிளஸ் ஒன்று’: ஒரு விஷயம் ஐந்து தடவை நடந்தது, ஆறாவது தடவை மாறிப்போனது என்ற கட்டமைப்பு, பேட்மேன் வீட்டு வேலையாள் ஆல்ஃபிரட் ஐந்து தடவை பேட்மேனின் காயத்துக்குக் கட்டுப் போடுவார், ஆறாவது தடவை அவருக்குப் பேட்மேன் கட்டுப் போடுவார், இப்படி. ‘சரிசெய்தல்’: செத்திருக்கக் கூடாத ஆளைப் பிழைக்க வைப்பது. இதில் அழுகை ஜாஸ்தி. ஆனால் ஒரு படம் பார்த்து ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு மருந்து.

“மதினி, எட்டாங்கிளாஸ் படிக்கிற பையன் இதெல்லாம் படிக்கலாமா?”

சிலதைப் படிக்கலாம், சிலதைக் கூடவே கூடாது. ஏஓ3-இல் கதைகளுக்கு மேலே வயதுத் தரம் போட்டிருக்கும். பொது, பதின்வயது என்ற இரண்டும் பரவாயில்லை. அதற்கு மேலே உள்ள இரண்டும் பெரியவர்களுக்கானவை, அவற்றில் பச்சையான விஷயங்களும் வரும். தரமே போடாத கதைகளும் உண்டு. அவற்றையும் பெரியவர்கள் கணக்கில் வையுங்கள். ஆனால் தரத்தைப் போடுவது எழுதியவர்தான், தணிக்கை செய்ய யாரும் இல்லை. அதனால் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். நீங்கள் முதலில் படித்து, இறக்கி, கோப்பாகக் கொடுங்கள். பையனுக்குப் பழைய மாயாவி புத்தகம் ஒன்றைக் கொடுத்து, “அடுத்து என்ன ஆகும், நீ எழுது” என்று சொன்னால் இன்னும் நல்லது.

ஏன் இத்தனை கதைகளில் இரண்டு ஆண்கள் காதலிக்கிறார்கள்?

கேட்கிறவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். ஒளிவுமறைவு தேவையில்லை. இந்த மரபு பழையது, எழுபதுகளில் ஸ்டார் ட்ரெக் ரசிகர்களின் கையச்சு இதழ்களிலேயே தொடங்கிவிட்டது. எழுதுகிறவர்களில் பெண்கள் நிறைய. சூப்பர்ஹீரோ கதைகளில் ஆழமான உறவெல்லாம் ஆணுக்கும் ஆணுக்கும் நடுவில்தான் எழுதப்பட்டிருந்தது, நாயகிக்கு மாடியிலிருந்து விழுகிற வேலை மட்டும் இருந்தது. இருந்த உறவை வைத்து எழுதினார்கள். தன்னைப் போன்ற ஒருவரை ஹீரோவாகப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறவர்களும் உண்டு. உங்களுக்கு வேண்டாமென்றால் வழி எளிது. இரண்டு பெயர்களுக்கு நடுவே சாய்கோடு இருந்தால் காதல், ‘&’ குறி இருந்தால் நட்பு அல்லது குடும்பம். பார்த்துத் தேர்ந்துகொள்ளுங்கள், எழுதியவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள்.

சட்டப்படி வம்பு வருமா?

விற்காதீர்கள். முதலாவதும் கடைசியும் அதுதான். பேட்மேனும் ஸ்பைடர்மேனும் நிறுவனங்களின் சொத்து. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி ஒரு படைப்பைத் தழுவி எழுதும் உரிமையும் உரிமையாளருக்கே. காசில்லாமல், ரசிகர்களுக்குள் எழுதிப் படிப்பதைப் பெரும்பாலும் அவர்கள் கண்டுகொள்வதில்லை. புத்தகமாகப் போட்டு விலை வைத்தால் கதையே வேறு. நண்பர் ஒருவர் பனியன் அச்சடிக்கலாமா என்று கேட்டார். கூடாது.

எனக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

ரெண்டாயிரம் வார்த்தைக்குள் முடியும் கதைகளில் தொடங்குங்கள். ஆட்களையும் முன்கதையையும் படத்திலேயே பார்த்துவிட்டதால் பாதிப் புரிதல் ஏற்கெனவே கையில் இருக்கும். நாவல் படிப்பதைவிட இது லேசு. தமிழிலேயே வேண்டுமென்றால் வாட்பேடிலும் பிரதிலிபியிலும் ரசிகர் கதைகள் கிடைக்கும். ஆனால் அங்கே நான் பார்த்தவரை சீரியல் ஜோடிகள்தான் ஆட்சி செய்கிறார்கள், சூப்பர்ஹீரோ அபூர்வம்.

பாதியில் நின்ற கதையின் ஆசிரியரிடம் அடுத்த அத்தியாயம் கேட்கலாமா?

கேட்காதீர்கள். அவர் சம்பளத்துக்கு எழுதவில்லை. இதுவரை எழுதியதில் எந்த இடம் பிடித்தது என்று ரெண்டு வரி எழுதுங்கள். வந்தால் வரும்.

வில்லுப்பாட்டாகச் சூப்பர்ஹீரோ கதை எழுதலாமா?

எழுதலாம், ஒருவர் எழுதியும் இருக்கிறார், ஸ்பைடரை வைத்து. வில்லுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. சுடலைமாடன் கதையே ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். முதன்மைப் பாடகரான அண்ணாவி பாடுகிற இடத்துக்கும் கொடைத் திருவிழா நடத்துகிறவர்களுக்கும் ஏற்றமாதிரி கூட்டுவார், குறைப்பார். பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போட்டுக்கொண்டே, கேட்கிறவர்கள் மனசில் இருக்கும் சந்தேகத்தைக் கேட்பார். “அவ்வளவு பெரிய திருடன் ஏன் திருந்தினான்?” என்று அவர் கேட்டால், அண்ணாவி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கதாசிரியரைத் தப்பிக்க விடாத கட்டமைப்பு அது. ஒரு எச்சரிக்கை: கோயில் கொடையில் போய் இதைப் பாடுகிற யோசனை வேண்டாம். அங்கே கேட்க வந்தவர்கள் சாமி கதை கேட்க வந்தவர்கள்.

நான் எழுதியதை உங்கள் குழுவில் கொடுக்கலாமா?

தாராளமாக. ஞாயிறு அன்று கொண்டுவந்து நீங்களே வாசிக்க வேண்டும், கூச்சமாக இருந்தால் வேறொருவர் வாசிப்பார். பத்து நிமிஷத்துக்குள் முடிகிற அளவு இருக்கட்டும். எந்த ஹீரோ, எந்தப் படம் அல்லது புத்தகத்துக்குப் பிறகு நடக்கிறது என்று மேலே ஒரு வரி எழுதுங்கள், எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்திருக்க மாட்டார்கள். கையால் எழுதியிருந்தாலும் சரி, ஆனால் பென்சில் வேண்டாம். வராதவர்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினால் ஒரு எழுத்தும் தெரிய மாட்டேன் என்கிறது.